தண்ணீர் வற்றட்டும்

(வீட்டில் கீமா சமைக்கக் கற்பது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அடுப்படிப் பேச்சைக் கேட்க இத்தனை இளைஞர்கள் வந்திருப்பதும், அதில் பையன்கள் நிறையப் பேர் இருப்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கீமா, அதாவது கொத்துக்கறி, சமைக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் கேட்பது, "என்ன மசாலா போடணும்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஐந்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். கறிக்குள் இருக்கிற தண்ணீர், வெங்காயத்தில் இருக்கிற தண்ணீர், தக்காளியும் தயிரும் கொண்டு வருகிற தண்ணீர், அடிப்பிடித்துவிடுமோ என்று பயந்து நாம் ஊற்றுகிற தண்ணீர். இது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் பிடித்துக்கொண்டவர் கையில் கீமா கெடாது. ஒரு கிராம்பு கூடினாலும் குறைந்தாலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. தண்ணீர் வற்றாத கீமா முதல் வாயிலேயே தெரிந்துவிடும். நிறம் வெளுத்திருக்கும், கவிச்சி அடிக்கும், மசாலா ஒரு பக்கமும் கறி ஒரு பக்கமுமாக நிற்கும்.

கறியைக் கொத்திச் சமைப்பது இந்தத் துணைக்கண்டத்தில் நெடுங்காலப் பழக்கம். 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் தில்லிக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, அரண்மனை விருந்தில் கண்ட சமோசாவைக் குறித்து வைத்திருக்கிறார். கொத்துக்கறியை வெங்காயம், மசாலாப் பொருள்கள், பாதாம், பிஸ்தா, வால்நட் சேர்த்துச் சமைத்து, மெல்லிய மாவுத் தகட்டில் பொதிந்து நெய்யில் பொரித்த பண்டம் அது. மாளவத்து மாண்டு நகரில் சுல்தான் கியாத் ஷாவுக்காகத் தொடங்கப்பட்டு அவர் மகன் காலத்தில், 1500ஐ ஒட்டி முடிந்த 'நிமத்நாமா' என்ற ஓவியச் சமையல் நூலிலும் கீமா வைத்த சமோசாக்கள் வருகின்றன. அந்தச் சுவடி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அக்பர் காலத்தில் அபுல் பஸல் எழுதிய 'ஆயினி அக்பரி'யில் அரண்மனைச் சமையலறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் கறியும் அரிசியும் சேர்ந்த உணவுகளின் வரிசையில் கீமா புலாவும் கீமா ஷோர்பாவும் இடம்பெறுகின்றன.

ஆயினி அக்பரியின் அந்தப் பகுதியைப் படிக்கும்போது என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. இத்தனை சேர் கறி, இத்தனை நெய், இத்தனை வெங்காயம், இவ்வளவு உப்பு என்று எடைகள் துல்லியமாக இருக்கின்றன. எவ்வளவு நேரம் வதக்குவது, எந்த நிறத்தில் நிறுத்துவது என்ற பேச்சு பெரும்பாலும் இல்லை. அரண்மனைக் கணக்குக்கு எடை போதும். நிறமும் மணமும் சமையற்காரரின் கையோடு இருந்தன, அவர் மகனோ சீடனோ பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டான். நம் வீடுகளிலும் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளை அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கொத்துக்கறிக்கு என்னென்ன போடுவீங்க?" என்று கேட்கிறது. அம்மா பொருள்களை வரிசையாகச் சொல்கிறார். கறி நன்றாக வரவில்லை. பிள்ளை கேட்டிருக்க வேண்டியது, "எப்போ நிறுத்துவீங்கம்மா? அப்போ சட்டியில என்ன தெரியும், என்ன சத்தம் கேட்கும்?" என்பது.

நடிகையும் சமையல் எழுத்தாளருமான மதுர் ஜாஃப்ரி 1950களின் நடுவில் நாடகக் கலை படிக்க லண்டன் போனபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கி அம்மாவுக்கு எழுதினார். தில்லியிலிருந்து அம்மா விமானத் தபாலில் செய்முறைகளை அனுப்பினார். அந்தக் கடிதங்களை வைத்துத் தொடங்கியவர் 1973இல் அமெரிக்காவில் வெளியிட்ட முதல் நூல், இந்தியச் சமையலை அந்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுபோனது. கடிதத்தைப் பார்த்தும் கற்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. சிறு வயதிலிருந்து உண்டு வளர்ந்த ருசி நாக்கில் இருந்ததால், கடிதம் சொல்லாமல் விட்டதை அவரால் தேடிப் பிடிக்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அந்த நாக்கு இருக்கிறது. மதுரையில் கறி தோசை சாப்பிட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வாங்கி வரும் நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி கரைந்து கிடப்பதை அறிந்தவர்களும் இருப்பீர்கள். நாக்கு அறிந்ததைக் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

கடையிலிருந்து தொடங்குவோம். கீமாவின் பாதி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. முதன்முதலாக வாங்குகிறவர், "எலும்பில்லாத நல்ல கறியா, கொழுப்பே இல்லாம குடுங்கண்ணே" என்று கேட்பார். கடைக்காரரும் தொடைக்கறியில் கொழுப்பையெல்லாம் நீக்கிவிட்டுத் தருவார். அந்தக் கறியைக் கொத்திச் சமைத்தால் உதிரி உதிரியாக, வறண்டு போகும். கீமாவுக்கு முன்சப்பையும் கழுத்தை ஒட்டிய கறியும் ஏற்றவை. ஆடு நடக்கவும் குனிந்து மேயவும் நாளெல்லாம் பயன்படுத்துகிற இடங்கள் என்பதால் சவ்வும் தசைநாரும் அங்கே அதிகம். இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவான, ஈரமான சூட்டில் கரைந்து பிசினாக மாறும். கீமாவை வாயில் வைத்ததும் உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது இந்தப் பிசின். இதோடு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம், ஆட்டின் கொழுப்பைக் குறைத்தால் ஆட்டின் ருசி குறையும்.

கத்தியால் கொத்துவதா, இயந்திரத்தில் அரைப்பதா? நேரம் இருக்கும் நாளில் கத்திதான் என்பேன். புளியமரக் கட்டையில் வைத்துக் கனத்த கத்தியால் கொத்தும்போது துண்டுகள் ஒரே அளவில் இருக்காது. பொடியாகவும் சற்றே பெரிதாகவும் கலந்து விழும். பொடி கரைந்து மசாலாவோடு சேரும், பெரியது பல்லுக்கு அகப்படும். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே நூலாகப் பிழிந்து தருகிறது, பெரிய துளைத் தகடு போட்டு ஒரே முறை அரைக்கச் சொன்னால் அதிலும் குறையில்லை. இரண்டு முறை அரைத்த கறி கபாபுக்கு ஆகும், கீமாவுக்கு ஆகாது.

கழுவுவதைக் கொத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். துண்டாக இருக்கும்போது கழுவி, வடியவிட்டு, துணியால் ஒற்றிவிட்டுப் பிறகு கொத்துவது. கொத்திய கறியைச் சல்லடையில் போட்டு அலசினால் சாறு பாதி ஓடிவிடும், அதற்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஏறிக்கொள்ளும். இன்னொன்று, துண்டுக்கறியில் கிருமி இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எங்கும் பரவிவிடுகிறது. அதனால் கொத்துக்கறியை அன்றே சமைப்பது நல்லது. முடியாவிட்டால் குளிர்பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கபாபாகவோ உருண்டையாகவோ செய்தால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சட்டியில் கொதித்து வற்றும் கீமா அந்தச் சூட்டைத் தாண்டித்தான் வருகிறது.

இனி சட்டி. அடிகனமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். அரைக் கிலோ கறிக்குக் குறைந்தது ஓர் அடி அகலம். இரும்பு வாணலி இருந்தால் அதுவே. குறுகலான, ஆழமான பாத்திரத்தில் கறி குவிந்து கிடக்கும், ஆவி வெளியேற வழியிருக்காது.

மெதுவாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். கொழுப்பு நீங்கிய பச்சைக் கறியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். சூடு 50, 60 டிகிரியைத் தொடும்போது கறியின் புரதங்கள் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பெரிய துண்டாக இருந்தால் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும். கொத்திய கறியில் எல்லாப் பக்கமும் வெட்டுவாயாக இருப்பதால் மொத்தமும் ஒரேயடியாக வருகிறது. கறியைப் போட்ட சில நிமிடங்களில் வாணலி நிறைய வெளிறிய நீர் நிற்கும். புதிதாகச் சமைப்பவர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். கறியின் சிவப்பு போய்விட்டதால் வெந்துவிட்டது என்று நினைத்து மசாலாவைக் கொட்டுகிறார், அல்லது மூடி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சட்டியில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் வேகமாக ஆவியாகுமே தவிர, கறி சிவக்காது. கறி வறுபடும்போது எழுகிற மணம், ரொட்டி சிவக்கும்போதும் காப்பிக்கொட்டை வறுபடும்போதும் எழுகிற மணம் எல்லாம் ஒரே வகை வேதிவினையில் பிறப்பவை. புரதக் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் அந்த வினையை 1912இல் விளக்கியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். அது வேகம் பிடிக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். 100க்கும் 140க்கும் நடுவே குறுக்கே நிற்பது தண்ணீர்தான். அது போகும் வரை காத்திருக்காமல் கீமாவுக்கு ருசி ஏற்ற எந்தப் பொடியாலும் முடியாது.

எப்படிச் செய்வது? அரைக் கிலோ கறிக்குக் கைப்பிடி அளவு வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறம் தாண்டிச் செம்மை தட்டும் வரை வதக்குங்கள். கண்ணாடி போல ஆனதும் நிறுத்திவிடாதீர்கள், வெங்காயத்தின் தண்ணீரும் போக வேண்டும். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பச்சை வாசனை போனதும், தீயை நன்றாகக் கூட்டி, கறியை வாணலி முழுவதும் பரப்புங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியானால் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். போட்டவுடன் கிளறாதீர்கள். அடிப்பக்கம் கொஞ்சம் பிடிக்கட்டும். பிறகு மரக்கரண்டியின் முதுகால் அழுத்தி, கட்டிகளை உடைத்து உதிர்த்துவிடுங்கள். இப்போது உடைக்காத கட்டி பிறகு உடையாது.

தண்ணீர் வரும். வரட்டும். தீயைக் குறைக்காதீர்கள், மூடாதீர்கள். முதலில் கொதகொதவென்று கனத்த சத்தம் கேட்கும். பெரிய குமிழிகள் எழுந்து உடையும். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் சிறுக்கும். பிறகு சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இன்றைய என் பேச்சின் சாரம். கொதிக்கிற சத்தம் அடங்கி, சடசடவென்று வறுபடுகிற சத்தம் வரும். அதுவரை தண்ணீரில் வெந்த கறி இப்போது கொழுப்பில் வறுபடுகிறது. வானொலியை அணைத்துவிட்டு இந்த இடத்தில் அடுப்பருகே நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று முறை கவனித்துக் கேட்டால் போதும், பிறகு பக்கத்து அறையில் இருந்தாலும் காதுக்குத் தெரியும்.

இப்போது மசாலா. மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று, மல்லித்தூள் இரண்டு, சீரகத்தூள் ஒன்று. பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, பிரியாணி இலை ஒன்று ஆகியவற்றை வெங்காயத்துக்கு முன்பே எண்ணெயில் போட்டிருப்பீர்கள். உப்பு இந்த நேரத்தில்தான். பச்சைக் கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கபாபுக்கும் நம் கோலா உருண்டைக்கும் வேண்டியது அந்த ஒட்டுதல், உதிரியான கீமாவுக்கு அது பகை. கற்கும் காலத்தில் கரம் மசாலாப் பொடியே வேண்டாம் என்பது என் கருத்து. கறியின் சொந்த ருசி எது, வறுத்ததால் வந்த ருசி எது என்று நாக்கு பிரித்தறிந்த பிறகு அரைத் தேக்கரண்டி கடைசியில் தூவிக்கொள்ளலாம். மசாலா அவ்வளவுதான்.

தூள்கள் போட்ட பிறகு தக்காளி ஒன்று, அல்லது கடைந்த தயிர் மூன்று மேசைக்கரண்டி. தயிரானால் தீயைத் தணித்து, ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கிளறுங்கள், திரியாமல் இருக்கும். தில்லியிலும் லாகூரிலும் ஐதராபாத்திலும் பூன்னா என்று சொல்லும் வேலை இப்போது தொடங்குகிறது. நம் ஊரில் சுருள வதக்குவது என்போம். அடியில் பழுப்பாக ஒட்டும். ஒட்டியதை ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டி, கறியோடு கலந்து, மறுபடி வற்றவிட்டு, மறுபடி சுரண்ட வேண்டும். பழுப்பாக ஒட்டுவது ருசி, கறுப்பாக ஒட்டினால் கசப்பு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி சிறியது, அதனால் கரண்டியைக் கீழே வைக்க முடியாது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் இந்தக் கட்டம் முடிந்தது.

வறுபட்ட கறி மென்மையாகிவிடாது. சவ்வு கரைய ஈரமும் நேரமும் வேண்டும். வற்ற வைத்த பின் நாமாகத் தண்ணீர் ஊற்றுவது இதற்காக. ஒரு குவளை சுடுநீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். குக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம், இரண்டு மூன்று விசில் போதும். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூடி இறக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே ஒரு சொட்டும் வற்றாது. வெந்த பிறகு மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, இரண்டாம் முறை வற்ற விடுங்கள். சப்பாத்திக்குக் கொஞ்சம் தளதளப்பாக, சோற்றுக்கு இன்னும் சற்று இளக்கமாக, சமோசாவுக்கு முற்றிலும் உதிரியாக. முதல் முறை வற்றியது கறியின் தண்ணீர், இரண்டாம் முறை வற்றுவது நாம் ஊற்றியது.

பட்டாணி சேர்ப்பதானால் கடைசிப் பத்து நிமிடத்தில். உருளைக்கிழங்கானால் சிறு சதுரங்களாக நறுக்கி, சுடுநீர் ஊற்றிப் பாதி நேரம் போன பிறகு. கால் கிலோ கறியை உருளைக்கிழங்கோடு சேர்த்து ஆறு பேருக்குப் பரிமாறும் வழக்கம் வட இந்திய, பாகிஸ்தானிய வீடுகளில் ஆழமாக ஊறியது. கறியின் கொழுப்பையும் மசாலாவையும் உறிஞ்சிய கிழங்கைத்தான் பிள்ளைகள் முதலில் பொறுக்குவார்கள். கையில் காசு இருந்தாலும் நான் கிழங்கைக் குறைக்க மாட்டேன்.

கோழிக் கொத்துக்கறிக்கு நீண்ட வேகல் வேண்டாம். நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறியை வாங்குங்கள். மாட்டுக்கறி கீமா கேரளத்திலும் பாகிஸ்தானிலும் அன்றாட உணவு. வழி இதேதான், வேக இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் மாறுவதை நீங்களே போய்ச் சுவைத்துப் பாருங்கள். மும்பையில் இரானி கடைகளில் காலையிலேயே கீமா பாவ் கிடைக்கும். தோபி தலாவ் பகுதியில் 1904 முதல் நடக்கும் கியானி கடை அவற்றில் பெயர்பெற்றது. பாவை வெண்ணெய் தடவிப் பிய்த்துத் தோய்ப்பதற்கென்றே அங்கே கீமா சற்றுத் தளர்வாக இருக்கும். ஐதராபாத்தில் காலை உணவாகவே கிச்சடி, கீமா, கட்டா மூன்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். மசூர் பருப்புப் போட்ட மஞ்சள் கிச்சடி, நன்றாக வற்றிய கீமா, எள்ளும் புளியும் சேர்ந்த நீர்த்த கட்டா. புளிப்பையும் இளக்கத்தையும் கட்டா கொடுத்துவிடுவதால் கீமா வறண்டிருப்பது அங்கே பொருத்தம். அதே ஊரில் தம் கீமா என்று வேறொரு வழியும் உண்டு. தயிர், பச்சைப் பப்பாளி விழுது, பொரித்த வெங்காயம் எல்லாம் பிசைந்து ஊறவைத்து, மூடி வேகவைத்து, இறுதியில் ஒரு சிறு கிண்ணத்தில் தணல் கரித்துண்டு வைத்து அதன்மேல் நெய் விட்டுப் புகையை மூடிவைப்பார்கள். பப்பாளியில் உள்ள நொதி கறியை இளக்கிவிடும், அளவு மிஞ்சினால் கூழாக்கியும் விடும். லக்னோவின் கலாவட்டி கபாபில் அந்தக் கூழ்த்தன்மையையே கலையாக்கியிருக்கிறார்கள். கற்கும் காலத்தில் பப்பாளியைத் தொடாதீர்கள்.

மிச்சமாகும் கீமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும், மசாலா கறிக்குள் இறங்கியிருக்கும். காலையில் கறி தோசை ஊற்றலாம். கீமாவைத் தனியாகச் சூடாக்கி உதிரியாக்கிக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் மாவை ஊத்தப்பம் போலக் கனமாக ஊற்றி, மேலே ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, அது இறுகும் முன் கீமாவைத் தூவி, கரண்டியால் லேசாக அழுத்திவிடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் ஓரத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள். கறிப்பக்கம் கல்லில் படும்போது மூடி போட வேண்டாம். அரை நிமிடம் போதும், எடுத்துவிடலாம்.

நேரம் இருக்கிறது. கேள்விகளைக் கேளுங்கள்.